திலகம் வரைந்த நாடு

ஈப்போவில் படித்துக் கிழித்தது போதும் என்று முகம்மது கனி தன் மகன் மூசாவை மலைமேல் எங்கள் ரிங்லெட்டுக்குத் திரும்பக் கூட்டிவந்தபோது, சர்டிபிகேட் இருக்க வேண்டிய கையில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே ஆங்கிலத்தில் இரண்டு புத்தகம், கலர் கலராகப் பகடைகள். சாதாரணப் பகடை இல்லை. ஒன்றுக்கு நான்கு முகம், ஒன்றுக்கு எட்டு, ஒன்றுக்கு இருபது. தன் சாப்பாட்டுக்கடையில் ரொட்டி தட்ட ஆள் கிடைத்தது என்று நினைத்திருந்த மனிதர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் அது. விளையாட்டுக்குப் பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருத்தர் கதை சொல்ல வேண்டும். காட்டில் நிற்கிறீர்கள், எதிரே புலி, என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு ஓடுகிறேன், வெட்டுகிறேன், மரத்தில் ஏறுகிறேன் என்று பதில் சொல்ல வேண்டும். ஏற முடிந்ததா, புலி காலைக் கவ்வியதா என்பதைப் பகடை சொல்லும். பிள்ளைகள் மண்சோறு ஆக்கி விளையாடுவதைத்தான் இவர்கள் மீசை முளைத்தபின் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

எனக்கு அங்கே என்ன வேலை என்றால், துணை. பக்கத்து வீட்டுத் தங்கம்மாவின் மகள் திலகத்துக்கு இந்த விளையாட்டின்மேல் ஒரே பைத்தியம். சாப்பாட்டுக்கடை மாடியில் ஒரு வயசுப்பெண் போய் உட்கார்ந்தால், அண்ணன் காளியண்ணன் கூடவே இருந்தாலும் எஸ்டேட்டில் வாய் சும்மா இருக்குமா? "பாஞ்சாலை வந்தா போ, இல்லாட்டி வேணாம்" என்று தங்கம்மா சொல்லிவிட்டாள். கல்யாணமாகி இரண்டு பெற்றவள் பக்கத்தில் இருந்தால் எல்லாம் சுத்தமாகிவிடும் போல. நானும் சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஒருநாளாவது பிள்ளைகளை என் வீட்டுக்காரர் பார்க்கட்டுமே. மாடியில் மாவு மூட்டைகளுக்கு நடுவே சாக்கை விரித்து உட்காருவோம். கீழேயிருந்து நுரை பொங்க ஆற்றிய டீ, தே தாரிக், வரும். அதற்காகவாவது போகலாம்.

திலகம் மூன்றாம் பாரம் வரை படித்தவள். பினாங்கில் ரேடியோவுக்குச் சின்னச் சின்னப் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்று அக்டோபரில் அவளை வேலைக்கு வரச் சொல்லியிருந்தது. அவள் போக வழி இருந்ததற்குக் காரணம் அண்ணன். எங்கள் எஸ்டேட்டில் வீடு என்பது வேலையின் வாலைப் பிடித்துக்கொண்டு வருவது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் ஒரு வீட்டிலிருந்து ஒரு பெயராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீடு இல்லை. அப்பா நாகப்பன் செத்தபின் காளியண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டதால் தங்கை தப்பித்தாள். வீட்டுப் பெரியவர் கங்காணியிடம் போய் வாயால் ஒரு பெயரைச் சொன்னால் போதும், மறுநாள் காலை அந்தப் பெயர் கூப்பிடப்படும். பெயருக்கு உரியவரைக் கேட்கிற வழக்கமெல்லாம் கிடையாது. என் பெயரை என் அப்பா சொன்னபோது நான் ஆற்றங்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அதனால் இந்தப் பெண் பினாங்கு போயே ஆகவேண்டும் என்று அவளைவிட எனக்கு வெறி அதிகம்.

முதலில் கதை சொன்னவன் மூசா. காளியண்ணன் வீரன், நான் மந்திரக்காரி, திலகம் பூட்டைத் திறக்கிற திருடி. ராஜாவின் மாணிக்கம் காணாமல் போயிற்று, மலைக்குகையில் இருக்கிறது, எடுத்து வாருங்கள். மூசா கதை சொன்னால் மழைச்சத்தம்கூடக் கேட்காது, அப்படிச் சொல்வான். ஒருநாள் இரண்டு வழி வந்தது. பாலத்து வழியா, காட்டு வழியா? நாங்கள் சண்டைபோட்டுக் கடைசியில் காட்டு வழியாகப் போனோம். அங்கே ஒற்றைப்பல் கிழவி ஒருத்தி மறித்தாள். அவளை ஏமாற்றி, மயக்கி, ஒருவழியாகத் தாண்டினோம். எனக்கு வேர்த்தே விட்டது.

திலகம் மட்டும் கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "பாலத்து வழியா போயிருந்தா என்னா ஆயிருக்கும்?"

மூசா சிரித்தான். "அங்கயும் கிழவிதான்லா."

"வேற கிழவியா?"

"அவளேதான். கஷ்டப்பட்டு யோசிச்சு வச்ச கிழவி. நீங்க வேற பக்கம் போயிட்டா அவ வீணாப் போயிடுவாளே!"

காளியண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். திலகத்துக்கு மூக்கு சிவந்துவிட்டது. "அப்புறம் எதுக்கு எங்ககிட்ட கேட்டே? அரை மணி நேரம் சண்டை போட்டோமே, அது எதுக்கு?"

"கதைன்னா தலையும் வாலும் வேணும், திலகம். நீங்க மனம்போன போக்குல போனா நான் எதைச் சொல்றது? எப்படிப் போனாலும் குகைக்குத்தானே வரப் போறீங்க. நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. அது வேற. நீ கேட்டியே, அதான் எனக்குப் பொறுக்கல. கேக்காம இழுத்துட்டுப் போயிருந்தா பேசாம வந்திருப்பேன்."

இதற்கா இவ்வளவு கோபம் என்று எனக்குப் பட்டது. ஆனால் அவள் விடவில்லை. அடுத்த ஞாயிறு கடைக் காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு ஒரு நாட்டையே வரைந்து கொண்டுவந்துவிட்டாள். மலை, சதுப்பு, ஏழெட்டு ஊர், ஓரத்தில் கடல். நடுவில் ஒரு குக்கிராமம். இனிமேல் கதை நான் சொல்கிறேன் என்றாள். எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரோடும் பேசலாம், ராஜா கட்டளை எதுவும் கிடையாது. எங்கே என்ன இருக்கிறது என்று அவள் முன்னாலேயே முடிவுசெய்துவிட்டாள். நாங்கள் போனாலும் போகாவிட்டாலும் அது அங்கேதான் இருக்கும், அதன் வேலையை அது பார்க்கும். பகடையை எல்லார் கண் முன்னாலும் உருட்டுவாள், விழுந்தது விழுந்ததுதான்.

"கிராமத்துல நிக்கறீங்க. காலையில. எங்க போறீங்க?"

நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.

காளியண்ணன் தொண்டையைச் செருமினான். "இந்த ஊர்ல பெரட்டு எத்தனை மணிக்கு?"

"பெரட்டெல்லாம் இல்லண்ணே."

"அப்ப வேலை யாரு குடுப்பாங்க?"

நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? ஊர்த்தலைவர் யார், வெளியே போக அவரிடம் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. மூசா ஒரு வண்டிக்காரன் வேஷம் கட்டியிருந்தான். அவனும் சாமான் ஏற்ற யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தான். அடுத்த வாரமும் இதே கூத்து. வாள் வைத்திருக்கிற வீரன் ஒரு கூரைக்கு ஓலை மாற்றினான், பிறகு கீரை நட்டான். மந்திரக்காரி வடை சுட்டு விற்றாள். ஏழெட்டு ஊரும் கடலும் தாளிலேயே கிடந்தன.

"உங்களை யாருமே தடுக்கலையேக்கா!" என்றாள் திலகம். அழுதுவிடுவாள் போலிருந்தது.

தடுக்க ஆளில்லாத இடத்தில் எப்படிக் காலெடுத்து வைப்பது என்று எங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? செக்குமாட்டை அவிழ்த்துவிட்டால் அது தோப்பைப் பார்க்கவா போகும்? அங்கேயேதான் சுற்றும்.

மூன்றாவது வாரம் சதுப்பிலிருந்து கிராமத்துக்குக் காய்ச்சல் வந்தது. அது ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்ததாம், நாளுக்குக் கொஞ்சமாக நகர்ந்து வந்துகொண்டிருந்ததாம். திலகம் பகடையை உருட்டினாள். வீரன் கீரைப்பாத்தியில் மண்வெட்டியோடு விழுந்து செத்தான்.

காளியண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. "நான் ஒண்ணுமே பண்ணலையேம்மா" என்றான், நிஜமாகவே யாரோ செத்த மாதிரி.

"அதான்ணே" என்றாள் அவள். அவளுக்கும் அது பிடிக்கவில்லை. மறுபடி உருட்டச் சொல்லி மூசா கெஞ்சினான். அவள் உருட்டவில்லை. மூசா நடத்தியிருந்தால் வீரனைக் காப்பாற்ற ஒரு வைத்தியர் அந்தப் பக்கம் வந்திருப்பார். அன்றைக்கு எனக்கு மூசா கதைதான் மேல் என்று தோன்றியது.

ஆகஸ்டில், தேயிலை உருட்டுகிற எந்திரத்தில் காளியண்ணனின் வலது கை மாட்டிக்கொண்டது. சிக்கிய இலையை எந்திரத்தை நிறுத்தாமல் எடுக்கச் சொல்லி மேஸ்திரி கத்தினாராம். மேஸ்திரி கத்தினால் கை தானாகப் போகும், அதற்கு மூளை வேண்டாம். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு லாரியில் தூக்கிப்போனோம். அங்கிருந்து ஈப்போவுக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தங்கியது. மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் தங்கவில்லை.

பட்ட காலிலே படும் என்பது சும்மா இல்லை. அவன் கட்டோடு வீட்டுக்கு வந்த வாரமே ஆபீசில் கூப்பிட்டுவிட்டார்கள். தங்கம்மாவுக்கு நடை தள்ளாடும் என்று நானும் கூடப் போனேன். ஆபீஸ் கணக்கெழுதுகிற பெரிய கிராணி நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். கூலிக்காரிக்கு ஆபீசில் நாற்காலி போட்டால் அது நல்லதுக்கு இல்லை.

"காயத்துக்கு அரசாங்கத்துல கொஞ்சம் பணம் வரும்மா. ஆனா பேரு வெட்டியாச்சு. வீட்டுக்கு ஒரு பேரு வேணும்ல? ரெண்டு வழி இருக்கு. உங்க மக பேரு குடுத்தா வீடு நிக்கும். இல்லன்னா மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடலாம். தொரை யாரையும் கட்டாயப்படுத்தல. உங்க இஷ்டம்தான்."

தங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் பெயரை வயசாகிவிட்டது என்று வெட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"ரெண்டு வழியிலயும் நான் பினாங்கு போறது எங்கய்யா இருக்கு?" என்றாள் திலகம்.

"அது உங்க குடும்ப விஷயம்மா" என்று கிராணி பேனாவை மூடினார்.

வெளியே வந்ததும் தங்கம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்த லயத்து வரிசை வீட்டில் வாழ்க்கைப்பட்டு வந்து, அங்கேயே புருஷனைத் தூக்கிக்கொடுத்தவள். திலகம் மட்டும் யாரும் பேசுவதற்கு முன்னால், "எனக்கு ஒரு வாரம் குடு, அம்மா" என்றாள்.

அந்த ஒரு வாரம் அவள் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! தானா ராத்தாவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினாள். மூசாவின் அப்பா மாடியைத் தருகிறேன் என்றார், மாடிப்படி தங்கம்மாவுக்கு ஆகாது. என் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றால் வேலையில்லாத ஆளைத் தங்கவைத்ததாக எங்களுக்குச் சீட்டுக் கிழியும். கடைசியில் மூசா மோட்டார் சைக்கிளில் கோலா தெர்லா வரை போய்த் தகவல் கொண்டுவந்தான். திலகம் மறுநாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். ஒரு காய்கறித் தோட்டத்து முதலாளிக்கு லாரி ஏற்றுவதற்கு முன் முட்டைக்கோஸின் வெளி இலையை உரிக்க ஆள் வேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலை. ஒற்றைக்கை ஆளும் தண்ணீர் பாய்ச்சலாம். கொட்டகைக்குப் பக்கத்தில் தகரக் குடிசை ஒன்று காலியாக இருந்தது. அதையும் தருகிறார்கள்.

சாயங்காலம் அவள் ஓடிவந்த ஓட்டத்தில் செருப்பு ஒரு பக்கம் பறந்தது. "கிடைச்சிருச்சுக்கா! அம்மாவும் அண்ணனும் அங்க இருக்கலாம்! நான் போகலாம்!" அவ்வளவு சந்தோஷத்தை நான் அந்த லயத்தில் பார்த்ததே இல்லை.

நடந்ததை நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மத்தியானம்தான் தங்கம்மா கங்காணி மாடசாமி வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். பெயர் கொடுக்கப் போகவில்லை, பாவம். கோலா தெர்லாவில் பார்க்கிறோம், போகலாமா என்று உத்தரவு கேட்கப் போனாள். வெட்டிய பெயருக்கு எவனிடம் உத்தரவு கேட்க வேண்டும்? ஆனால் அவள் கேட்பாள். கேட்காமல் ஒரு வேப்பிலைகூடக் கிள்ளியவள் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. மாடசாமி தலையை ஆட்டிவிட்டு, "இந்த வயசுல தகரக் குடிசையில என்னாத்துக்கு? பொண்ணு பேரைச் சொல்லு, நான் பாத்துக்கறேன்" என்றார். இவளும் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அங்கேயே அவர் கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டு வந்திருக்கிறாள்.

திலகம் கேட்டுவிட்டுக் கத்தவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. பறந்த செருப்பைத் தேடி எடுத்து வந்து வாசற்படியில் வைத்தாள். பிறகு, "காலையில பெரட்டுக்கு நான் வர்றேன்" என்றாள். அவ்வளவுதான். அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மாவும் கேட்கவில்லை, அண்ணனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

காலையில் ஒரே பனி. பக்கத்து ஆள் முகம் தெரியவில்லை. திலகம் வந்தாள். கையில் கூடையும் இல்லை, பையும் இல்லை. தங்கம்மா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். காளியண்ணன் கட்டுப்போட்ட கையைச் சட்டைக்குள் விட்டிருந்தான். மாடசாமி பெயர் கூப்பிட ஆரம்பித்தார். இருக்கேன், இருக்கேன் என்று பனிக்குள்ளிருந்து குரல்கள் வந்தன. என் பெயருக்கும் நான் அதையே சொன்னேன்.

"நாகப்பன் மக திலகம்!"

அவள் அம்மா பக்கம் திரும்பினாள். அம்மாவை நேராகப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"அவ இல்ல!"

கத்தியது காளியண்ணன். கதையில்கூட வெளியே காலெடுத்து வைக்காதவன், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். "பேரை வெட்டுங்க கங்காணி. அவ பினாங்கு போறா. வீட்ட நாங்க காலி பண்றோம்."

"டேய், உங்கம்மா குடுத்த பேருடா."

"வீட்டுக்கு ஆம்பள நான் சொல்றேன், வெட்டுங்க!"

மாடசாமி வெட்டினார். தங்கம்மா நின்ற இடத்திலேயே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. திலகம் திறந்த வாயை மூடிக்கொண்டு அண்ணனையே பார்த்தாள். அந்தப் பார்வையை நான் நன்றி என்று நினைத்தேன். என் முகத்தில் இருந்தது கண்ணா புண்ணா?

அவர்கள் குடிசைக்குப் போன மறுநாளே திலகம் பஸ் ஏறினாள். தங்கம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, போய் வா என்றுகூடச் சொல்லவில்லை. மகனிடம் பேச்சையே நிறுத்திவிட்டாள். நாலு பேர் நடுவில் வைத்துப் பெற்றவள் வாக்கை வெட்டியவன், வீட்டை விட்டு விரட்டியவன் என்று கோஸ் உரிக்கிற பெண்களிடம் சொல்வாளாம். அவன் ஒற்றைக் கையால் கஞ்சி வைத்துக் கொடுத்தால் குடிக்கமாட்டாள். பக்கத்துக் குடிசையில் கேட்டு வாங்கிக் குடிப்பாள். வருஷக் கடைசி மழையில் மார்ச்சளி கட்டியது. சாகும்போதும் அவன் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கவில்லை.

திலகம் பினாங்கிலிருந்து வந்து சேர்ந்தாள். காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் போனபின் குடிசையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். தகரத்தில் மழை. காளியண்ணன் பாதியாய் இளைத்திருந்தான். அவனாகவே பேச்சை ஆரம்பித்தான்.

"உனக்காகத்தான் அன்னிக்கு அப்படிப் பண்ணேன். அம்மா மூஞ்சியப் பாத்துட்டு நீ 'இருக்கேன்'னு சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்."

"நான் அப்படிச் சொல்லப் போறேன்னு உனக்கு யாருண்ணே சொன்னா?"

அவன் தலையைத் தூக்கினான்.

"நான் போறேம்மா, நீயும் அண்ணனும் கோலா தெர்லாவுக்குப் போங்கன்னுதான் சொல்ல வந்தேன். அவங்க கண்ணப் பாத்து நானே சொல்லணும்னுதான் பெரட்டுக்கே வந்தேன். என்னை அடிச்சிருப்பாங்க. திட்டியிருப்பாங்க. மண்ணை வாரித் தூத்தியிருப்பாங்க. எல்லாம் எனக்குத்தானே? உனக்கு இல்லையே."

நான் அவள் தோளைப் பிடித்தேன். தட்டிவிட்டாள்.

காளியண்ணன் பள்ளிக்கூடப் பையன் வாத்தியாரிடம் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டான். "எப்படியும் நீ போயிருப்பே. வீடும் போயிருக்கும். அம்மாவும் இதே குடிசைக்குத்தானேம்மா வந்திருப்பாங்க?"

"ஆமாண்ணே, இதே குடிசைக்குத்தான்" என்றாள் திலகம். "உன்னோட பேசிக்கிட்டே வந்திருப்பாங்க."